கேம்பர் இழுக்கும்போது முன்சக்கரத்துக்கு என்ன ஆகிறது? வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்ய ஓர் எளிய விளக்கம்

கேம்பர் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் போதும், ஆளுக்கொரு அறிவுரை வந்துவிடும். "வண்டியின் பின்பக்கம் தொங்கினால் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் போட்டுவிடு" என்பார் ஒருவர். "கேம்பர் ஆடாமல் இருக்க அதுதான் மருந்து" என்பார் இன்னொருவர். "அதைப் போட்டால் இன்னும் கனமான கேம்பரைக்கூட இழுக்கலாம்" என்பார் மூன்றாமவர். முதல் பேச்சு பாதிதான் சரி. இரண்டாவது, இரண்டு தனித்தனி விஷயங்களைக் குழப்பிக்கொள்வது. மூன்றாவதை நம்பிச் சாலையில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

இந்தக் குழப்பம் தீர ஒரே வழி, அந்த இரும்புக் கருவி உண்மையில் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்வது. கணக்கு பெரிதாக ஒன்றும் இல்லை. சீசா ஆடத் தெரிந்தவருக்குப் புரியும்.

முதலில் இரண்டு சொற்கள். கேம்பர் என்று இங்கே சொல்வது, கட்டிலும் அடுப்பும் வைத்து, கார் அல்லது பிக்கப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீட்டை. ஹிட்ச் என்பது இரண்டையும் இணைக்கும் பூட்டு. சாதாரண ஹிட்ச்சில் வண்டியின் பின்னால் ஓர் இரும்புப் பந்து இருக்கும். கேம்பரின் மூக்கில் உள்ள கப்ளர் அந்தப் பந்தின் மேல் உட்கார்ந்து கவ்விக்கொள்ளும். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் என்பது, இதோடு எடையைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் தண்டுகளும் சேர்ந்த ஹிட்ச்.

சைக்கிள் கேரியரில் மூட்டை

சைக்கிளின் பின் கேரியரில் ஒரு கனமான மூட்டையைக் கட்டிக்கொண்டு மிதித்துப் பாருங்கள். ஹேண்டில்பார் லேசாகி, கையில் நிற்காமல் இப்படியும் அப்படியும் அலையும். மூட்டையை இன்னும் பின்னுக்குத் தள்ளிக் கட்டினால் முன்சக்கரம் தூக்கவே தூக்கும். மூட்டையின் எடை மாறவில்லை. அது பின்சக்கரத்தின் அச்சைத் தாண்டி எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பதுதான் மாறியது.

கேம்பர் பூட்டிய வண்டியிலும் இதேதான் நடக்கிறது. கேம்பரின் எடையில் பெரும்பகுதியை அதன் சொந்தச் சக்கரங்கள் சுமந்துகொள்ளும். மீதி, மூக்கு வழியாக வண்டியின் பந்தின் மேல் இறங்கும். பந்தின் மேல் இறங்கும் இந்த எடைக்கு டங் வெயிட் என்று பெயர். மாட்டு வண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வார்களே, அதில் முன்பாரம் என்பது இதுதான். எனக்கு அந்தச் சொல்தான் பிடித்திருக்கிறது, இனி அதையே சொல்கிறேன். வட அமெரிக்காவில் விற்கும் கேம்பர்களில், சாமான் ஏற்றிய மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. 2,500 கிலோ கேம்பர் என்றால் 250 முதல் 375 கிலோ.

பந்து எங்கே இருக்கிறது? பின்சக்கரங்களுக்கு மேலே இல்லை, அவற்றைத் தாண்டி ஒரு மீட்டருக்கு மேல் பின்னால் இருக்கிறது. அதாவது கேரியரின் கடைசி முனையில் கட்டிய மூட்டை.

ஒரு வண்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 3 மீட்டர். பின்சக்கரத்திலிருந்து பந்துக்கு 1.2 மீட்டர். முன்பாரம் 300 கிலோ. பின்சக்கரம்தான் சீசாவின் நடுத்தாங்கி. பந்தில் 300 கிலோ கீழே அழுத்தினால், முன்சக்கரங்களிலிருந்து 300 × 1.2 ÷ 3, அதாவது 120 கிலோ குறையும். அந்த 120-ம் சேர்ந்து பின்சக்கரங்களின் மேல் விழும். ஆக, 300 கிலோ முன்பாரத்துக்குப் பின்சக்கரங்கள் 420 கிலோ கூடுதலாகச் சுமக்கின்றன.

இந்த 420-ஐத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது: வண்டியின் பின்பக்கம் தொங்குகிறது, முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. என் கவலை முழுவதும் அந்த 120 பற்றியது. ஸ்டீயரிங் திருப்புவது முன்சக்கரங்கள். பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு வேலை செய்வதும் அவைதான். அவற்றின் பிடி குறைந்தால் ஈரச் சாலையில் வளைவு எடுக்கும்போது வண்டி நேராகவே போகப் பார்க்கும். இரவில் முன்விளக்கின் ஒளி சாலையை விட்டு எதிரே வருபவரின் கண்ணில் போய் அடிக்கும்.

இதுவரை பார்த்தது: பந்து பின்சக்கரத்துக்குப் பின்னால் இருப்பதால் முன்பாரம் நெம்புகோல் போல வேலை செய்கிறது. பின்பக்கம் தொங்குவது வெளியே தெரியும் அடையாளம். முன்சக்கரம் எடை இழப்பதுதான் நோய்.

மூன்று அடிக்கோல் பரிசோதனை

சரி, போன 120 கிலோவை எப்படித் திரும்பக் கொண்டுவருவது? மேசையில் செய்து பார்த்தால் உடனே புரியும்.

இரண்டு அடிக்கோல்களை முனையோடு முனை வைத்து, சேரும் இடத்தில் டேப் ஒட்டுங்கள். டேப் கீல் மாதிரி மடங்கும். இடது கோல் வண்டி. அதன் இடது முனைக்கு அடியில் ஒரு பென்சில், அது முன்சக்கரம். கீலுக்குச் சற்று முன்னால் இன்னொரு பென்சில், அது பின்சக்கரம். வலது கோல் கேம்பர். அதன் நடுவைத் தாண்டி ஒரு பென்சில். இப்போது கீலை விரலால் மெல்ல அழுத்துங்கள். கீல் தாழும், இடது கோலின் முனை பென்சிலை விட்டுத் தூக்கும். சாதாரண ஹிட்ச் இதுதான்.

அடுத்து, விறைப்பான மூன்றாவது அடிக்கோல் ஒன்றை எடுத்து, கீலின் இரு பக்கமும் பரவும்படி வைத்து, இரண்டு கோல்களோடும் சேர்த்து இறுக்கிக் கட்டுங்கள். கீல் இனி எளிதில் மடங்காது. முன்பு அழுத்திய அதே அளவுக்கு அழுத்துங்கள். அந்த அழுத்தம் பின்சக்கரப் பென்சிலில் மட்டும் குவியாமல் இடக்கோடி, வலக்கோடி எல்லாவற்றுக்கும் பிரிந்துபோகிறது. இடது முனையும் முன்போலத் தூக்குவதில்லை.

வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சில் அந்த மூன்றாவது அடிக்கோலின் வேலையைச் செய்பவை ஸ்பிரிங் பார்கள். பந்துக்குக் கீழே உள்ள ஹிட்ச் தலையில் இரண்டு எஃகுத் தண்டுகள் செருகியிருக்கும். அவை கேம்பரின் மூக்குச் சட்டத்தை ஒட்டிப் பின்னோக்கிப் போகும். அவற்றின் பின்முனைகளைச் சங்கிலியாலோ தாங்கியாலோ மேல்நோக்கி இழுத்துக் கேம்பரின் சட்டத்தில் மாட்டுவார்கள். தண்டுகள் வில் மாதிரி வளைந்து விறைத்து நிற்கும். அந்த விறைப்புதான் கீலை மடங்கவிடாமல் தடுக்கிறது. வண்டியின் பின்பக்கத்தை மேலே நெம்பி, முன்பக்கத்தைக் கீழே அழுத்துகிறது. சாலை மேடுபள்ளத்தில் கீல் கொஞ்சம் அசைய வேண்டும் என்பதால் தண்டுகள் ஓரளவு வளைந்து கொடுக்கும்.

முன்பு பார்த்த அதே வண்டிக்கே கணக்குப் போடுவோம். பந்திலிருந்து கேம்பரின் சக்கரத்துக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரம் இழந்த 120 கிலோவும் திரும்பி வரும் அளவுக்குத் தண்டுகளை இறுக்கினால், பின்சக்கரங்களின் கூடுதல் சுமை 420-லிருந்து சுமார் 242 ஆகிவிடும். சுமார் 58 கிலோ கேம்பரின் சக்கரங்களுக்குப் போகும். 242-ஐயும் 58-ஐயும் கூட்டினால் அதே 300. எடை எங்கேயும் காணாமல் போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

அது செய்யாத வேலைகள்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். நான் பார்த்த தவறான முடிவுகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன.

முதலாவது, அது வண்டியின் இழுவைத் திறனைக் கூட்டாது. எஞ்சின், பிரேக், டயர், வண்டியின் இரும்புச் சட்டம் (சேஸி) எதுவும் மாறவில்லை. கேம்பரின் சக்கரத்துக்குப் போன 58 கிலோவால் வண்டியில் இடம் மிச்சமாகிறதே என்று தோன்றலாம். ஆனால் அந்த ஹிட்ச்சின் கனமே பொதுவாக 30 முதல் 45 கிலோ வரை இருக்கும். மிச்சத்தில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்று கணக்குப் போடும்போது முழு முன்பாரத்தையும் ஹிட்ச் எடையையும் சேர்த்தே போடுங்கள். அதுதான் பத்திரம்.

இரண்டாவது, ஆட்டம். பக்கவாட்டுக் காற்று அடித்தோ, பெரிய லாரி ஒன்று உரசிக்கொண்டு போனாற்போலக் கடந்தோ, கேம்பர் வால் மாதிரி இடமும் வலமும் ஆட ஆரம்பிப்பதை ஸ்வே என்பார்கள். இதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, முன்பாரம் போதாமல் பின்பாரம் ஏறிப்போவது. சைக்கிள்களையும் கனமான பெட்டிகளையும் கேம்பரின் பின்கோடியில் அடுக்கினால் இப்படித்தான் ஆகும். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் மேலும் கீழும் உள்ள கணக்கு, ஸ்வே இடமும் வலமும் உள்ள கணக்கு. பல தயாரிப்புகளில் ஆட்டத்தைத் தடுக்கும் உராய்வு அமைப்பும் சேர்ந்தே வருவதால்தான் இரண்டும் ஒன்று என்று நினைக்கிறார்கள். சாமானைத் தப்பாக அடுக்கிவிட்டு விலை உயர்ந்த ஹிட்ச் வாங்கினால் பிரச்சினை உள்ளேயே இருக்கும், அடுத்த பெருங்காற்றில் வெளியே வரும். ஆட்டம் வந்தேவிட்டால் வண்டியின் பிரேக்கை மிதித்து அழுத்தாதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். கேம்பருக்கு மின் பிரேக் இருந்தால் டாஷ்போர்டில் உள்ள அதன் கைவிசையை மட்டும் அழுத்துங்கள்.

மூன்றாவது, ஏர் பேக். காற்றடைத்த பைகளைப் பின் சஸ்பென்ஷனில் வைத்தால் தொங்கல் போய்விடும், வண்டி சமமாக நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் முன்சக்கரம் இழந்த 120 கிலோ திரும்பி வராது. சைக்கிளின் பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் பெரிய டயர் போட்டால் மூட்டையின் நெம்பல் போய்விடுமா என்ன? சமமாக நிற்கும் வண்டியும் சுமை சரியாகப் பிரிந்த வண்டியும் ஒன்றல்ல.

சுருக்கமாக: இந்த ஹிட்ச் முன்சக்கரத்துக்கு எடையைத் திருப்பித் தருகிறது. வண்டியைப் பலசாலியாக்குவதும், தப்பாக அடுக்கிய சாமானைச் சரிசெய்வதும் அதன் வேலை இல்லை.

முடிவெடுக்கும் முன் படிக்க வேண்டிய இரண்டு எழுத்துகள்

ஒன்று, வண்டியின் கையேடு. சில நிறுவனங்கள் குறிப்பிட்ட எடைக்கு மேல் இந்த ஹிட்ச் கட்டாயம் என்கின்றன. வேறு சில, இதைப் போடவே கூடாது என்கின்றன. தனிச் சட்டம் இல்லாமல் உடலே சட்டமாக இருக்கும் சில கார்களில், தண்டுகள் தரும் முறுக்கைத் தாங்கும்படி பின்பகுதி வடிவமைக்கப்பட்டிருக்காது. கூடாது என்று எழுதியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. "நான் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று யார் சொன்னாலும் அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கனம் குறைந்த கேம்பரைத் தேடுங்கள், இல்லையென்றால் வேறு வண்டியைத் தேடுங்கள்.

இன்னொன்று, ரிசீவரின் ஸ்டிக்கர். ரிசீவர் என்பது வண்டியின் அடியில் பொருத்திய, ஹிட்ச்சைச் செருகும் சதுரக் குழாய். அதில் பல சமயம் இரண்டு வரிசை எண்கள் இருக்கும். வெயிட் கேரியிங் என்பது சாதாரணப் பந்தோடு இழுக்கும்போது உள்ள உச்ச அளவு. வெயிட் டிஸ்ட்ரிபியூட்டிங் என்பது தண்டுகளோடு இழுக்கும்போது உள்ள அளவு. பல பிக்கப்களில் முதல் வரிசை 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோவோடு நின்றுவிடும். முன்பாரத்துக்கு 500 பவுண்டு, சுமார் 227 கிலோ. விளம்பரத்தில் பெரிதாகப் போடும் இழுவைத் திறன் பெரும்பாலும் இரண்டாவது வரிசையைச் சேர்ந்தது. உங்கள் கேம்பர் முதல் வரிசையைத் தாண்டி, இரண்டாவதுக்குள் அடங்கினால் கேள்விக்கே இடமில்லை, போட்டாக வேண்டும்.

கேம்பரின் பக்கமும் ஒன்றைப் பார்க்க வேண்டும். வண்டி வேகம் குறைக்கும்போது கப்ளரே உள்ளே சறுக்கி பிரேக்கை இயக்கும் வகை கேம்பர்கள் உண்டு. அந்தச் சறுக்கலைத் தண்டுகள் தடுத்துவிடலாம். அப்படிப்பட்ட கேம்பரோடு சேர்ந்து வேலை செய்யும் என்று ஹிட்ச் தயாரிப்பாளர் எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். ஐரோப்பாவில் இந்த வகை பிரேக்தான் அதிகம். அங்கே கேம்பர்களை முன்பாரம் மிகக் குறைவாக இருக்கும்படியே வடிவமைக்கிறார்கள். அதனால் அந்த ஊர் ஆட்கள் இந்த ஹிட்ச்சைப் பெரிதாகப் பேசுவதில்லை. அமெரிக்கர் எழுதியதையும் ஆங்கிலேயர் எழுதியதையும் மாறி மாறிப் படித்துக் குழம்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு நாடாவோடு இறங்கி அளக்க வேண்டியது

கையேடும் ஸ்டிக்கரும் "போடலாம், போடாமலும் இருக்கலாம்" என்று விட்டுவிட்டால்? இங்கேதான் அளவு நாடா வேலைக்கு வருகிறது.

முதலில் முன்பாரத்தை எடை போடுங்கள். கேம்பரின் விற்பனைத் தாளில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம், அது வெறும் கேம்பரின் அளவு. மூக்கில் கேஸ் சிலிண்டரும் பேட்டரியும் ஏறும். 150 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் 150 கிலோ. அது சக்கரத்துக்கு முன்னால் இருந்தால் முன்பாரம் கூடும், பின்னால் இருந்தால் குறையும். எனவே பயணத்துக்குக் கிளம்புகிற மாதிரி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு எடை போடுங்கள். எடைமேடையில் என்றால், கேம்பரைப் பூட்டி, தண்டுகளை மாட்டாமல், வண்டியின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு எடை. கேம்பரைக் கழற்றிவிட்டு வண்டியை மட்டும் ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முன்பாரம்.

வீட்டில் ஆள் நிறுக்கும் மெஷினிலும் செய்யலாம். ஒரு முனையில் மெஷின், மறுமுனையில் அதே உயரத்துக்குக் கல். நடுவே கனத்த பலகை. கல்லிலிருந்து ஒரு பங்கு, மெஷினிலிருந்து இரண்டு பங்கு தூரத்தில் கேம்பரின் மூக்கை இறக்குங்கள். பலகையால் மெஷின் காட்டிய எண்ணைக் கழித்துவிட்டு, மீதியை மூன்றால் பெருக்கினால் முன்பாரம். கேம்பரின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்காமல் இதைத் தொடங்கவே கூடாது.

அப்புறம் முன்சக்கரம். சமதளமான இடத்தில், ஆட்களும் சாமானும் ஏறியபின், முன்சக்கரத்துக்கு நேர் மேலே உள்ள ஃபெண்டர் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 90 செ.மீ. என்று வைப்போம். சாதாரணமாகக் கேம்பரைப் பூட்டி மறுபடி அளங்கள். 90-ஐ விட்டு நாடா நகரவே இல்லை, ஸ்டீயரிங்கும் வழக்கம்போல இருக்கிறது, முன்பாரமும் எல்லா வரம்புக்குள்ளும் இருக்கிறது என்றால் ஹிட்ச்சுக்குச் செலவழிக்க வேண்டாம். 600 கிலோ குட்டிக் கேம்பரைப் பெரிய வண்டியில் இழுப்பவர்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் அமையும். 93 ஆகியிருந்தால் முன்பக்கம் 3 செ.மீ. தூக்கியிருக்கிறது. அந்த நிலையில் நெடுஞ்சாலைக்குப் போக நான் ஒப்பமாட்டேன்.

ஹிட்ச் மாட்டியபின் எவ்வளவு திரும்பி வர வேண்டும்? முழுவதுமா? இதற்கும் கையேடுதான் பதில் சொல்ல வேண்டும். இழந்ததில் பாதி திரும்பினால் போதும் என்று சொல்லும் வண்டிகள் உண்டு. அப்படியென்றால் 93 என்பது 91.5-க்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். நம் உதாரண வண்டியில் பாதி திருப்பினால் முன்சக்கரத்தில் 60 கிலோ குறைவாகவும், பின்சக்கரத்தில் சுமார் 331 கிலோ கூடுதலாகவும் இருக்கும். இன்னும் இறுக்கினால் நல்லதுதானே என்று 90-க்கும் கீழே கொண்டுபோகாதீர்கள். அப்போது பின்சக்கரங்கள் தேவைக்கு மேல் லேசாகி, வளைவில் வண்டியின் பின்பக்கம் வழுக்கித் திரும்பப் பார்க்கும். குறைவாக இறுக்குவதைவிட அதிகமாக இறுக்குவதுதான் எனக்குப் பயம்.

தண்டுகளையும் முன்பாரத்தைப் பார்த்தே வாங்க வேண்டும். அவை 600, 800, 1,000 பவுண்டு என்று முன்பாரத்தின் அளவுக்கேற்ப வருகின்றன. எதற்கும் இருக்கட்டும் என்று மிகப் பெரியதை வாங்கினால் தண்டு வளைந்து கொடுக்காமல் ஒவ்வொரு குலுக்கலும் கேம்பரின் சட்டத்தில் நேராக அடிக்கும்.

ஒரு விதிவிலக்கு: ஐந்தாம் சக்கரக் கேம்பர் என்று சொல்லப்படும், பிக்கப்பின் திறந்த முதுகில் ஏறி உட்காரும் வகை. அதன் பாரம் பின்சக்கரங்களுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ இறங்குகிறது. நெம்புகோலே இல்லாததால் இந்த ஹிட்ச்சுக்கும் வேலையில்லை.

மாட்டும்போதும் கழற்றும்போதும்

போடுவது என்று முடிவெடுத்தவர்கள் ஒன்றைக் கைப்பழக்கமாகவே ஆக்கிக்கொள்ள வேண்டும். இறுகிய தண்டு என்பது நாண் ஏற்றிய வில். சங்கிலி மாட்டிய தாங்கியை, ஜாக்கால் எதையும் உயர்த்தாமல் அப்படியே கம்பியால் நெம்பித் திறந்தால், கம்பி அப்படியே திரும்பி வந்து முழங்கையிலோ முகத்திலோ அடிக்கும்.

சரியான முறை மெதுவானது. கப்ளர் பந்தில் பூட்டியிருக்கும்போதே கேம்பரின் மூக்கு ஜாக்கை இறக்கி, கேம்பரின் மூக்கையும் வண்டியின் பின்பக்கத்தையும் சேர்த்தே உயர்த்துங்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சங்கிலியின் விறைப்பு குறைவது கண்ணுக்கே தெரியும். கண்ணிகள் கையால் ஆட்டினால் கலகலவென்று ஆடும் அளவுக்குத் தளர்ந்தபின் தாங்கியைத் திறந்தால், தண்டு பூனைக்குட்டி மாதிரி கையில் இறங்கும். மாட்டும்போதும் இதே வழிதான்: முதலில் ஜாக்கால் உயர்த்து, சங்கிலியை மாட்டு, அப்புறம் இறக்கு. எத்தனையாவது கண்ணியில் மாட்டினால் ஃபெண்டர் சரியான உயரத்துக்கு வந்தது என்று ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், அந்தக் கண்ணியில் கொஞ்சம் பெயின்ட் தொட்டு வையுங்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்தபோது அளந்த கண்ணி அது என்றால், தொட்டி காலியாகத் திரும்பி வரும் நாளில் ஃபெண்டரை இன்னொரு முறை அளந்துவிட்டுக் கிளம்புங்கள்.